அண்டாவைச் சுரண்டிப் பாருங்கள்: பழைய டீசல் ஜீப் சூடாகாமல் இருக்க

எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் அடியைக் கத்தியால் சுரண்டினால் சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி வெள்ளையாகப் பெயர்ந்து வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் என் வீட்டுக்காரி புளி போட்டுத் தேய்ப்பாள். தருமபுரிப் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இதுதான் கதை. அந்தத் தண்ணீரைத்தான் பதினோரு வருஷம் ஜீப் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்டாவைத் தேய்க்கலாம். இன்ஜின் பிளாக்குக்குள் யார் கையை விட்டுத் தேய்ப்பது?

என்னுடையது 1996 மாடல் மகிந்திரா எம்எம் 540. பியூஜோ டீசல் இன்ஜின், 2,112 சிசி. வத்தல்மலை அடிவாரத்தில் வீடு. மேலே அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் போகும். கீழே காபிக்கொட்டை, மிளகு, சாமை வரும். கூடவே ஏறிக்கொள்ளும் ஆட்களுக்குக் கணக்கே கிடையாது.

ஒரு பங்குனி மாதம், மத்தியானம் இரண்டு மணி. முழு லோடு. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த வளைவில் திடீரென்று கீழே விழுந்துவிட்டது. 'அப்பாடா, சூடு குறைஞ்சிடுச்சு' என்று நினைத்துக்கொண்டு மேலே வரைக்கும் ஓட்டிப் போனேன். சூடு குறையவில்லை. தண்ணீர்தான் தீர்ந்திருந்தது. சென்சார் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். வெறும் ஆவியில் நின்றால் முள் பொய் சொல்லும். இன்ஜினின் மேல் பாகமான ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் எரிந்து, டோ கட்டி இறக்கினோம். முள் ஏறுவதைவிட, ஏறிய முள் சட்டென்று விழுவதுதான் பெரிய ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்தது.

பட்டறையில் ஹெட்டை மட்டம் பிடித்துக் கொடுத்தார்கள். தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வை, மட்டும் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே" என்றார் அந்தத் தம்பி. நானும் தலையாட்டினேன். மறுபடியும் அதே போர் தண்ணீர். நாலே மாதத்தில் மறுபடியும் சூடு.

அப்புறம்தான் கிருஷ்ணகிரியில் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மேல் டேங்கைச் சூடு காட்டிப் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு, "என்னப்பா, உள்ள குழம்பு வெச்சிருக்க?" என்று கேட்டார். மஞ்சள் மஞ்சளாகச் சேறு. எப்போதோ இரண்டு தடவை ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போட்டிருந்தேன். லாரிக்காரர்கள் காலம்காலமாகச் செய்வதுதான். ஒழுகும் ஓட்டையை அது அடைக்கும், உண்மை. ஆனால் எது ஓட்டை, எது ட்யூப் என்று மஞ்சளுக்குத் தெரியாது. கோரில், அதாவது ரேடியேட்டரின் ட்யூப்கள் நிறைந்த நடுப் பகுதியில், முக்கால்வாசி ட்யூப் அடைபட்டிருந்தது. மிச்சத்துக்குள் அண்டாவில் பார்த்த அதே வெள்ளைப் பொருக்கு.

ஆகவே முதல் வேலை, தண்ணீரை மாற்றுவது. ரேடியேட்டர் வாங்குவதும் ஃபேன் மாற்றுவதும் அதற்கு அப்புறம். நம் மாவட்டத்துத் தண்ணீர் என்றாலே எல்லோரும் ஃபுளோரைடைச் சொல்வார்கள். அது பல்லுக்கும் எலும்புக்கும் கேடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ரேடியேட்டருக்கு எதிரி கால்சியமும் மக்னீசியமும். சூடு பட்டதும் இவை பாறையாகப் படிகின்றன, அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளும். ஒரு மில்லிமீட்டர் பொருக்கு போதும், இரும்பிலிருந்து தண்ணீருக்குச் சூடு போகாமல் மறித்துவிடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் போர் தண்ணீருக்குத் தேவலாம், அவ்வளவுதான். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதோடு கூலன்ட். நம் ஊரில் உறைபனி இல்லை என்பதால் பாதிக்குப் பாதி கட்டாயம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்டு என்று நான் ஊற்றுகிறேன். கலந்தே வரும் பச்சைக் கேன் வாங்கினால் அதில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். கூலன்ட்டின் முக்கிய வேலை இங்கே துருவைத் தடுப்பது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நிறம் நன்றாக இருந்தாலும் அந்த மருந்துச் சத்து போயிருக்கும்.

பழைய பொருக்கு இருக்கும்போதே புதுக் கூலன்ட் ஊற்றுவது, கழுவாத குண்டானில் பால் காய்ச்சுவது மாதிரி. முதலில் கழுவுங்கள். நான் செய்வது இப்படி: இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து வடிக்கிறேன். அதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு வடிகால் போல்ட் இருக்கும். அதையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் ஒன்றும் வராவிட்டால் 'காலி' என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி விட்டுக் குத்துங்கள். என் வண்டியில் முதலில் காபி டிக்காஷன் மாதிரி சொட்டி, அப்புறம் பீறிட்டது.

பிறகு சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு. ஒரு லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி, வண்டியைச் சூடேற்றி அரை மணி நேரம் ஓட விட்டு, ஆறவைத்து வடித்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க உள்ளே விட்டு வைக்காதீர்கள், ஈயப் பற்றையும் அலுமினியத்தையும் தின்னும். வடிகிற தண்ணீர் தெளியும் வரை நல்ல தண்ணீர் விட்டு மூன்று நான்கு தரம் அலச வேண்டும், கடைசி அலசல் டிஸ்டில்டில். பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரோடு வாட்டர் பம்பும் சேர்ந்து போகும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரொம்பப் பழைய கோராக இருந்தால் பொருக்கு கரைந்ததும் ஒழுக ஆரம்பிக்கலாம். அத்தனை நாள் பொருக்குதான் ஓட்டையை அடைத்திருந்தது. அப்போது ஆசிட்டைத் திட்டாமல் ரேடியேட்டர் கடைக்குப் போய் ராடு அடித்து, அதாவது ட்யூப்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி, ஓட்டையைப் பற்ற வையுங்கள், அல்லது கோர் மாற்றுங்கள். செம்பு பித்தளைக் கோரை விட்டுவிட்டு மலிவு பிளாஸ்டிக் டேங்க் மாட்டச் சொல்வார்கள். நான் மாட்ட மாட்டேன். மலையில் ஆடுகிற ஆட்டத்துக்கு அது தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

கோர் அடைப்பு இருக்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம். வண்டி சூடானதும் இன்ஜினை நிறுத்தி, முன்பக்கமிருந்து கோர் முழுக்கப் புறங்கையால் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தால் அந்த ட்யூப்களில் தண்ணீர் ஓடவில்லை.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழக்கம். அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் சூடேற வெகு நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரின் உட்சுவரான லைனர் தேயும். ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றி வர பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களில் இன்னொரு தொல்லை: தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்கு வழியை மூடும். அது இல்லையென்றால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்கே திரும்பும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். புதிது வாங்கினாலும் சோதித்து மாட்டுங்கள். பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் கொதிப்பதற்கு வெகு முன்பே திறக்க ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கடையில் கொடுத்த ஒன்று தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாய் திறக்கவில்லை.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள், யாரும் மதிப்பதில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வத்தல்மலை உச்சி ஏறத்தாழ அந்த உயரம்தான். ஏழு பவுண்டு அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி அந்தக் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் தள்ளிப் போடும். ரப்பர் வெடித்த மூடி என்றால் அந்தப் பத்து டிகிரி உங்களுக்குக் கிடையாது. அதற்காகப் புதுக் கார்களின் பதினைந்து பவுண்டு மூடியைக் கொண்டுவந்து பழைய ரேடியேட்டரில் மாட்டினால் டேங்க் பற்று விட்டுவிடும். வண்டி ஆறினதும் மேல் ஹோஸ் சப்பிப் போய்க் கிடந்தால் மூடியின் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அடி ஹோஸ் வேறு கதை. அதற்குள் ஸ்பிரிங் இருக்க வேண்டும். துருத் தின்று ஸ்பிரிங் இல்லாமல் போனால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்கலாம். ஃபேனைச் சுற்றி இருக்கும் தகர ஷ்ரவுட்டை வேலை பார்க்க இடைஞ்சல் என்று கழற்றிப் பரணில் போட்டிருப்பீர்கள். திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைகிறது. கோர் வழியாக இழுப்பதில்லை.

ரேடியேட்டர் முகத்தையும் கழுவ வேண்டும். அறுவடைக் காலத்தில் சாமைத் தவிடும் புல் விதையும் பூச்சியும் ஃபின்னில், அதாவது கோரின் மெல்லிய தகடுகளில், அப்பிவிடும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாயால் மெதுவாக. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் வைத்தால் ஃபின் மடங்கிவிடும். ஆயுத பூஜைக்கு வண்டியின் முன்னால் வாழைக்கன்றும் மாலையும் கட்டுவோம் இல்லையா, காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் அவிழ்க்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமிக்குக் கட்டியதை எப்படிப் பிடுங்குவது என்று தயக்கம். மறுநாள் கோயில் மரத்தடியில் வைத்துவிடுங்கள், ஜீப்புக்கு மூச்சு விட வழி வேண்டும். நம்பர் பிளேட், ஹாரன், பெரிய லைட் எல்லாம் கிரில் முன்னால் குவிந்திருந்தாலும் இதே கதிதான்.

இவ்வளவும் சரி, ஆனாலும் சூடாகிறது என்றால்: ஆறின வண்டியில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழ் வருவது சகஜம். விடாமல் குமிழ் கொப்பளித்தால் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. கரும்புகை கக்கினால் யாரோ பம்பைத் திருகி டீசலைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள். கூடுதலாக எரிகிற டீசல் சூடாகத்தான் வெளியே வரும்.

ஓட்டும் விதம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது ரோடு மட்டமாகத் தெரியும், ஆனால் நெடுக ஏற்றம்தான். டாப் கியரில் முக்கி முக்கி இழுக்காதீர்கள். கியரைக் குறைத்தால் இன்ஜின் சுற்று கூடும், வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், மிதி குறையும். சூடானால் கியரைக் கூட்டத் தோன்றும், சத்தம் குறைகிறதே என்று. அது தப்பு. மண் ரோட்டு ஏற்றத்தில் நாலு வீல் லோ போட்டு ஏறுங்கள். தார் ரோட்டில் வேண்டாம். பல பழைய ஜீப்புகளில் லோ போட்டால் முன் ஆக்சிலும் சேர்ந்துகொள்ளும், காய்ந்த தாரில் வளைவு திரும்பும்போது கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும். தொப்பூர் ஏறி முடித்ததும் டீக்கடையில் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓட விடுங்கள்.

நடுவழியில் முள் ஏறினால் ஓரங்கட்டி நிழலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஒழுகவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் நியூட்ரலில் கொஞ்சம் வேகமான ஐடிலில் விடுங்கள், முள் இறங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்திருந்தாலோ, முள் திடீரென்று விழுந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பானெட்டைத் திறங்கள், மூடியைத் தொடாதீர்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் துண்டை வைத்துத் திறந்து முழங்கை வரை வெந்துகொண்டான். முக்கால் மணி நேரம் ஆகட்டும். மேல் ஹோஸைப் பிடித்தால் கை பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும். அப்புறமும் ஊற்றும்போது இன்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும் ஹெட்டில் பச்சைத் தண்ணீர் கொட்டினால் விரிசல் விடும். அதற்கு ஆகும் செலவில் பத்து வருஷக் கூலன்ட் வாங்கலாம். வழியில் வேறு கதியில்லாமல் போர் தண்ணீர் ஊற்றினால் பாவமில்லை. வீடு சேர்ந்ததும் வடித்துவிடுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். நான் மூடி போட்ட கேனில் பிடித்து, ஜீப் ஷெட்டில் ஆள் உயர அலமாரியில் வைக்கிறேன். பக்கத்திலேயே ஒரு பெல்ட், இரண்டு ஹோஸ், நாலு கிளிப், ஒரு மூடி. மலை ஏறும் நாளில் அந்த ஸ்பேர் எல்லாம் சீட்டுக்கு அடியில் வந்துவிடும்.