மெத்னரை இசைத்தட்டில் தேடிப் பிடிப்பது எப்படி

ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெத்னர் (1880–1951) மாஸ்கோவில் பிறந்து, 1921இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பி, கடைசியில் லண்டனில் இறந்தவர். இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ரக்மானினவின் நண்பர். பியானோவுக்கென்று 14 சொனாட்டா (கருவியில் வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பு) எழுதியவரை இப்படி மறந்துவிட்டோமே என்று எனக்கு இன்னமும் ஆற்றாமைதான்.

தேடும்போது முதலில் பெயரைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் (Medtner) நடுவே வரும் 'd' ரஷ்ய எழுத்தில் (Метнер) கிடையாது, அதனால் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். சோவியத் நிறுவனமான மெலோதியாவின் தட்டு கிடைத்தால் லேபிளைப் படியுங்கள். 'கோஸ்ட் (ГОСТ) 5289' என்ற சோவியத் தர எண்ணுக்குப் பின்னால் 68, 73, 80 என்று ஏதாவது இருக்கும். 73 என்றால் அந்தத் தட்டு 1973க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது, ஆனால் வாசித்துப் பதிந்தது எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். தட்டு எண்ணுக்கு முன் ஆங்கில 'சி' போன்ற எழுத்து இருந்தால் ஸ்டீரியோ, குட்டி வீடு மாதிரி இருந்தால் மோனோ. மோனோ என்று ஒதுக்காதீர்கள், சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் 1950களில் வாசித்த ஜி மைனர் சொனாட்டா மோனோதான்.

கீறலைவிட எனக்குப் பயம் நடுத்துளை மையம் தப்பிய தட்டுதான். பியானோவில் ஒரு ஸ்வரம் நீண்டு ஒலிக்கும்போது சுருதி மேலும் கீழும் ஆடுவது அப்பட்டமாகக் கேட்கும், வயலினில்கூட இவ்வளவு உறுத்தாது. ஓடவிட்டு, ஊசி தாங்கும் கை சுற்றுக்குச் சுற்று பக்கவாட்டில் அசைகிறதா என்று பாருங்கள்.

மெத்னரே வாசித்த பதிவுகளும் உண்டு. 1940களின் கடைசியில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பணம் கொடுத்து அவற்றைப் பதிய வைத்தார், மெத்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) அவருக்கே சமர்ப்பித்தார். அந்தப் பதிவுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள், அதற்கென்ற அகல ஊசி இல்லாமல் போட வேண்டாம்.

சரி, எதைக் கேட்பது? ஓபஸ் (படைப்பு எண்) 38, 'மறந்த மெல்லிசைகள்' முதல் தொகுதி. அதன் முதல் துண்டான 'ரெமினிசென்ஸா' சொனாட்டாவைக் கிலெல்ஸ் வாசித்ததில் தொடங்கி, அப்புறம் தொகுதியின் எட்டுத் துண்டுகளையும் வரிசையாகக் கேளுங்கள். சொனாட்டாவைத் தொடங்கிவைக்கும் அந்த மெல்லிய மெட்டு ஆறாவதில் திரும்ப வரும், எட்டாவதில் மறுபடியும். முதல் தடவை பிடிபடாவிட்டால் ஊசியை எடுத்துத் தொடக்கத்திலேயே மறுபடி வையுங்கள்.