மல்லிகைச் சரத்தில் குரோமோசோம் பாடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், என் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லித் தருகிறேன். "பாதி மனிதன், பாதி குரங்கு உருவாக்கிவிட்டார்களாமே, டீச்சர்?" என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். பூச்சரத்தை வைத்தே பதில் சொல்ல, அன்று பூ வாங்க ஆள் அனுப்புவேன்.

மல்லிகைச் சரம் மூன்று முழம், ஒரு கொத்து மரிக்கொழுந்து, கொஞ்சம் கனகாம்பரம், சிவப்பு நூல். விலை எகிறும் தை மாதத்தில் அரளி போதும். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம்; அதற்கு வாசனை எதற்கு?

இரண்டு முழங்களை எடுத்து, ஒவ்வொன்றின் இரு நுனியிலும் மரிக்கொழுந்து கட்டுங்கள். அது டெலோமியர், குரோமோசோமின் நுனிக் காப்பு. இடையில் ஓரிடத்தில் சிவப்பு நூலைச் சுற்றினால் சென்ட்ரோமியர், செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்க உதவும் பிடி. பிறகு இரண்டையும் நுனியோடு நுனி முடிச்சிடுங்கள். ஓரத்தில் இருக்கவேண்டிய மரிக்கொழுந்து நடுவில் வந்து நிற்கும். ஒரு சிவப்பு நூலை அவிழ்த்து, ஓர் இழையை மட்டும் தடயமாக விடுங்கள். நம்முடைய 2ஆம் குரோமோசோம் இப்படித்தான் இருக்கிறது: மூதாதையிடம் தனித்தனியாக இருந்த இரண்டு, நம்மிடம் ஒட்டி ஒன்றாகிவிட்டன. சிம்பன்சிக்கு 48 (24 ஜோடி), நமக்கு 46 (23 ஜோடி) என்ற கணக்கு அங்கே தீர்ந்துவிடும். முதல் முறை நான் வெளி நுனிகளில் மட்டும் மரிக்கொழுந்து கட்டிவிட்டு, நடுவில் காட்ட ஒன்றுமில்லாமல் விழித்தேன்.

"எண்ணிக்கை வேறாக இருப்பதால்தான் கலக்க முடியாதா?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அவசரப்பட்டு ஆமாம் போடாதீர்கள். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதை பிறக்கிறதே! இலியா இவானோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1927இல் பிரெஞ்சு கினியாவில் மூன்று பெண் சிம்பன்சிகளுக்கு மனித விந்தைச் செலுத்தினார். ஒன்றும் கருத்தரிக்கவில்லை. அடுத்து, குரங்கின் விந்தைப் பெண்களுக்குச் செலுத்தத் திட்டமிட்டார் என்று சொல்லும்போது மாடியே அமைதியாகிவிடும்.

மூன்றாவது முழத்துக்கு வாருங்கள். இனிமேல் ஒரு பூ என்றால் ஒரு செல் என்று உரக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்புவார்கள். மல்லிகைக்கு இடையே கனகாம்பரத்தைச் செருகுங்கள். கதம்பத்தில் எந்தப் பூவும் நிறம் மாறாது. கலப்பினம் என்றால் ஒவ்வொரு பூவுமே கலப்பு. மனிதச் செல்லையும் குரங்குக் கருவையும் சேர்த்துத் தலைப்புச் செய்தியான 2021ஆம் ஆண்டு ஆய்வும் கதம்பம்தான். 132 குரங்குக் கருக்களில், கருவுக்கு 25 மனித ஸ்டெம் செல்களை (பல வகைச் செல்களாக மாறக்கூடியவை) செலுத்தினார்கள். 19ஆம் நாளில் மிஞ்சியவை மூன்று. எதையும் கருப்பையில் வைக்கவில்லை. அவையும் வாலுள்ள மக்காக் இனம். சிம்பன்சி போன்ற வாலில்லா மனிதக் குரங்கே அல்ல. செய்தித் தலைப்புகள் இந்த வாலைத்தான் முதலில் நறுக்கிவிடுகின்றன.

மூன்றாவது முழத்தை அதன் முறை வரும்வரை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மாடி வெயிலில் பழுத்துவிடும்.