மேல்கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்குவோர் பலர், போட்டியில் குறியாக வானில் எறியப்படும் களிமண் தட்டுக்கும் வேட்டைப் பறவைக்கும் ஒன்றே போதும் என்று எண்ணி, பக்கத் தகட்டின் சித்திர வேலைப்பாட்டைப் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். ஒலிம்பிக் டிராப் போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகி, மேலெழுந்தபடி, ஏறத்தாழ 76 மீட்டர் தொலைவுக்குப் பறக்கும். ஆகவே அதற்கான துப்பாக்கியின் கட்டை கன்னம் பதியும் இடத்தில் உயர்ந்திருக்கும். தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகள் குறிக்குச் சற்று மேலேதான் செல்லும். தாழக் குறுக்கே பறக்கும் பறவையை அதனால் சுட்டால் ரவைகள் முதுகுக்கு மேலே போய்விடும். மூன்றரைக் கிலோவைத் தாண்டும் போட்டித் துப்பாக்கி தோளில் விழும் உதையைக் குறைக்குமே தவிர, நாள் முழுதும் சுமந்து நடக்க ஏற்றதன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் பறவை வேட்டைக்கு இடமில்லை என்பதால், இங்குள்ளவர்களுக்கு இந்தக் குழப்பமே தேவையில்லை.

தோட்டாவில் நேரும் தவறுதான் உயிருக்கு உலை வைப்பது. ‘போர்’ என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும். 20 போர் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சட்டைப் பையில் கலந்து கிடக்கும் அத்தோட்டா 12 போர் துப்பாக்கிக்குள் போனால், தோட்டா அமரும் அறையைத் தாண்டி நழுவிக் குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் அறை காலியாகவே தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவும் தடையின்றி நுழையும். விசையை இழுத்தால், இடக்கை தாங்கியிருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கக்கூடும். இதே போல, 70 மில்லிமீட்டர் அறைக்குள் 76 மில்லிமீட்டர் தோட்டாவும் நுழைந்துவிடும். ஏனெனில் பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். விரிய இடமில்லாத உறை அழுத்தத்தை ஏற்றிவிடும். நுழைந்துவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது.

குழல்வாயைக் குறுக்கும் சோக்கிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடைசெய்யப்பட்டு, எஃகு ரவை பரவலாயிற்று. ஈயத்தைப் போல் நசுங்கிக்கொடுக்காத எஃகை, பழைய துப்பாக்கியின் முழுச் சோக் எனப்படும் மிகக் குறுகிய வாய் வழியே செலுத்தினால் குழல்வாய் புடைத்துப்போகலாம்.

வெடிக்காத தோட்டாவுக்குப் புதியவர் காட்டும் அவசரமும் ஆபத்தானது. ஒற்றை விசையுள்ள பல துப்பாக்கிகளில் முதல் வெடியின் உதைதான் இரண்டாவது குழலுக்கு விசையை மாற்றுகிறது. முதல் தோட்டா வெடிக்காவிட்டால், எத்தனை முறை இழுத்தாலும் அடுத்தது வெடிக்காது. ‘துப்பாக்கிக்கு என்ன ஆயிற்று’ என்று உடனே மடக்கிப் பார்க்காமல், குழல்வாயைத் தட்டு பறக்கும் வெட்டவெளியை நோக்கியே வைத்து, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும்.