அடிப்படைக் கட்டட மாதிரியில் சப்ளை காற்றின் வெப்பநிலை: தொடக்கநிலையினருக்கு

ஆஷ்ரே என்னும் அமெரிக்கக் காற்றுச்சீரமைப்புப் பொறியாளர் சங்கத்தின் கட்டட ஆற்றல் தரநிலை 90.1. அதன் பின்னிணைப்பு ஜி, கணினி மாதிரியில் நம் கட்டடத்தின் ஆற்றல் செலவை 'அடிப்படைக் கட்டடம்' என்னும் ஒரு கற்பனைக் கட்டடத்தின் செலவோடு ஒப்பிடச் சொல்கிறது. அந்த அடிப்படைக் கட்டடத்தின் விசிறி தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டால், நம் வடிவமைப்பு செய்யாத சேமிப்பும் கணக்கில் சேரும். அதனால்தான் சப்ளை காற்றின், அதாவது அறைக்குள் ஊதப்படும் குளிர்ந்த காற்றின், வெப்பநிலையை விதியே கட்டிப்போடுகிறது. சிகாகோவில் பத்து மாடி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னிணைப்பு எண்ணிட்டுத் தரும் காற்றுச்சீரமைப்பு அமைப்புகளில் அதற்கு அமைப்பு 7 பொருந்தும்: குளிர்நீர், கொதிகலன், மறுசூடாக்கும் வி.ஏ.வி. பெட்டிகள் (அறையின் தேவைக்கேற்பக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைப்பவை).

படி 1: வித்தியாசத்தை உள்ளிடுங்கள்

அறைக்கும் சப்ளை காற்றுக்கும் இடையே 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வைத்துக் காற்றோட்டத்தைக் கணக்கிட வேண்டும். அறை 24 டிகிரி என்றால் சப்ளை 13. பலர் 13 என்பதையே விதியாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விதி சொல்வது வித்தியாசத்தை. அறை 22 டிகிரி என்றால் சப்ளை 11 ஆகிவிடும். எனர்ஜிபிளஸ் என்னும் கட்டட ஆற்றல் மென்பொருளில், ஒவ்வொரு மண்டலத்துக்கும் (தனி வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள பகுதி) காற்றின் அளவைக் கணிக்கும் அளவீட்டுப் பகுதியில் வெப்பநிலையைத் தராமல் வித்தியாசத்தைத் தரும் தெரிவு உண்டு. அதையே எடுங்கள்.

என் முதல் மாதிரியில் செல்சியஸ் கட்டத்தில் 20 என்று அடித்துவிட்டேன். 10 கிலோவாட் உணர்வெப்பச் சுமை (ஈரப்பதத்தைச் சேர்க்காமல் வெப்பநிலையை மட்டும் ஏற்றும் வெப்பம்) உள்ள அறைக்கு விநாடிக்கு 0.75 கன மீட்டர் காற்று வேண்டும்; எனக்கு 0.41 தான் வந்தது. அடிப்படைக் கட்டடத்தின் விசிறி சுருங்கிப்போனதால், நல்ல வடிவமைப்பு மோசமானதாகத் தெரிந்தது. இரண்டு நாள் தேடிய பிறகே பிழை கண்ணில் பட்டது.

படி 2: வெளிக்காற்றோடு ஒப்பிடுங்கள்

ஆட்கள் நெருக்கமாக உட்காரும் கூட்ட அறையில், காற்றோட்டத்துக்கான குறைந்தபட்ச வெளிக்காற்றே மேற்படி கணக்கைத் தாண்டலாம். எது பெரிதோ அதுவே வடிவமைப்பு அளவு. ஆய்வகங்களுக்குத் தனி விலக்கு உண்டு. அலுவலகத்துக்கு அது வேண்டாம்.

படி 3: சுமை குறையும்போது வெப்பநிலையை உயர்த்துங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமைப்பு 5 முதல் 8 வரை, குளிரூட்டும் சுமை மிகக் குறைவாக இருக்கும்போது சப்ளை காற்றை 5 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்த வேண்டும். இதுவும் வித்தியாசம்தான்: 2.8 டிகிரி செல்சியஸ். ஆக 13 என்பது 15.8 வரை ஏறும்.

காரணத்தை அதே அறையில் பாருங்கள். பெட்டி 30 சதவீதத்துக்குக் கீழே மூடாது என்று வைத்துக்கொள்வோம். 13 டிகிரி காற்று அந்தக் குறைந்த ஓட்டத்திலும் 3 கிலோவாட் குளிர்ச்சியைக் கொட்டும். அறைக்கு வேண்டியதோ 2 கிலோவாட். மிச்சம் 1 கிலோவாட்டைச் சுடுநீர்ச் சுருள் திரும்பச் சூடாக்கும். குளிர்விக்கவும் காசு, குளிர்வித்ததைச் சூடாக்கவும் காசு. காற்று 15.8 டிகிரியில் வந்தால் குளிர்ச்சி 2.24 கிலோவாட், மறுசூடு 0.24 கிலோவாட்டோடு நின்றுவிடும்.

எனர்ஜிபிளஸில் இதற்கு 'வார்மெஸ்ட்' என்னும் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தலாம். குறைந்தபட்சம் 13, அதிகபட்சம் 15.8 என்று கொடுங்கள். அதிகச் சுமையுள்ள மண்டலத்துக்குப் போதுமான வெப்பநிலையை அது தேர்ந்துகொள்ளும். 15.8-ஐ அளவீட்டுப் பகுதியில் எழுதிவிடாதீர்கள், வித்தியாசம் 8.2 ஆகக் குறைந்து விசிறி ஊதிப்போகும். அமைப்பு 3, 4 ஆகியவை ஒற்றை மண்டலத்துக்கானவை; இந்த உயர்த்தல் விதி அவற்றுக்கு இல்லை.

படி 4: மணிவாரியாகச் சரிபாருங்கள்

சப்ளை காற்றின் வெப்பநிலையை மணிக்கணக்கில் வெளியிடச் செய்யுங்கள். சிகாகோவின் ஜூலை நண்பகலில் 13-ஐ ஒட்டியும், அக்டோபர் காலையில் 15.8-ஐ நெருங்கியும் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் 13-லேயே நின்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு மண்டலம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் முதலில் தேடுவது சர்வர் அறையைத்தான். இரவும் பகலும் ஒரே சுமையோடு ஓடும் அந்த அறை, மாடி முழுவதற்குமான வி.ஏ.வி. அமைப்பில் தவறுதலாகச் சேர்ந்திருக்கும். அதைத் தனி அமைப்புக்கு மாற்றிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.