சின்னத் திரையில் பழைய ஆர்கேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு ஆர்டுபாய் என்ற சின்னக் கையடக்க விளையாட்டுக் கருவியில் விளையாட்டு எழுதச் சொல்லித் தருகிறேன். வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸை அவர்கள் எழுதிக் கொண்டுவருவதைப் பார்த்தால், நான் ஒரு காலத்தில் சுற்றித் திரிந்த அதே தப்பான வழி தெரிகிறது. அரைப்புள்ளி விடுபட்டால் நிரலைச் சிப்புக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லிவிடும். அந்த மாதிரிப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிக்சலை எடுத்து வந்து நேரத்தை விட்டுவிடுவது

1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸின் திரை 224 பிக்சல் அகலம், 256 உயரம். ஆர்டுபாயில் இருப்பது 128க்கு 64. 11 பேர் கொண்ட ஐந்து வரிசை அசல் அளவில் அதில் அடங்காது. ஆளைக் குறைக்கிறார்கள், அது சரி. தப்பு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அசலில் ஒரு ஃபிரேமுக்கு (திரை ஒரு தடவை புதிதாக வரையப்படும் நேரம், நொடிக்குச் சுமார் 60) ஓர் எதிரி மட்டுமே நகரும். 55 பேரும் ஓர் அடி வைத்து முடிக்க 55 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. சுடச் சுட ஆள் குறைவதால் சுற்றும் சுருங்கி, கடைசி எதிரி ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடும். இதே முறையில் 24 பேரை வைத்தால் முதல் சுற்றே 24 ஃபிரேமில் முடிந்துவிடும். படையில் பாதிக்கு மேல் செத்த பிறகு வரவேண்டிய வேகம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

டிக்கோயாவிலிருந்து வரும் ஒரு தம்பி, "அண்ணா, அசல்ல இருக்கிற நம்பரெல்லாம் அப்படியே போட்டிருக்கேன், ஏன் விளையாட சுகமா இல்ல?" என்று கேட்டான். குண்டைப் பார்த்தேன். அசலில் நம் குண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் இருக்கலாம். குறி தவறினால் அது மேலே போய் மறையும்வரை அடுத்ததைச் சுட முடியாது. அந்தக் காத்திருப்புதான் ஆடுபவரை நிதானமாகக் குறிபார்க்க வைக்கிறது. உயரம் நாலில் ஒன்றாகிவிட்ட திரையில் அதே வேகத்தில் குண்டை விட்டால் காத்திருப்பும் நாலில் ஒன்றாகிவிடும். அவனுடைய தங்கச்சி பட்டனை விடாமல் அமுக்கியே ஜெயித்துவிட்டாள். அவனோ காரணம் தெரியாமல் பள்ளி விடுமுறை முழுக்க எதிரிகளின் படத்தை மாற்றி மாற்றி வரைந்திருக்கிறான். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான்: நல்ல உழைப்பு தேவையில்லாத இடத்தில் போய் விழுகிறது.

முதலில் ஒரு தாளில் நேரங்களை எழுதுங்கள். குண்டு மேலே போக எவ்வளவு நேரம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று. அந்த நேரத்தைக் காப்பாற்றும்படி வேகத்தைக் கணக்கிடுங்கள். குண்டின் வேகம் நாலில் ஒன்றாகட்டும். எதிரிகளுக்கு நடுவே வெற்று ஃபிரேம்களைச் சேருங்கள். ஆள் குறையக் குறைய அவையும் குறைந்து, கடைசி ஆளிடம் பூஜ்ஜியமாக வேண்டும். ஃபிரேமுக்கு ஒரு பிக்சலைவிட மெதுவாக நகர வேண்டியவற்றுக்கு 16 பிட் எண் வையுங்கள்: மேல் 8 பிட் பிக்சல், கீழ் 8 பிட் பின்னம்.

ஃபுளோட்

பின்ன எண்களுக்கான அந்த வகை வேண்டாம். ஆர்டுபாயின் சிப்பில் அதற்கான வன்பொருள் இல்லை. நிரல் வீணாகப் பெருத்துவிடும்.

பேக்-மேன் பேய்கள்

புதிர்பாதையில் பேக்-மேனைப் பிடிக்க வரும் நாலு பேயையும் குறுக்கு வழி கண்டுபிடித்துத் துரத்த விடுகிறார்கள். நம்கோ நிறுவனத்தின் 1980 அசலில் ஒவ்வொன்றுக்கும் இலக்கு வேறு. சிவப்பு நேரே பேக்-மேனைக் குறிவைக்கும், இளஞ்சிவப்பு நாலு கட்டம் முன்னால். முதல் லெவலின் தொடக்கத்தில் பேய்கள் 7 நொடி தத்தம் மூலைக்குப் போகும், அப்புறம் 20 நொடி துரத்தும். அந்த 7 நொடியை எடுத்துவிட்டால் சின்னப் புதிர்பாதையில் மூச்சுவிட இடமே இருக்காது.

அதிகபட்சப் புள்ளி

ஆட்டம் முடிந்த பிறகு மட்டும், மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் எழுதுங்கள். ஓர் இடத்தில் 100,000 தடவை எழுதத்தான் உத்தரவாதம். நொடிக்கு 60 ஃபிரேமிலும் எழுதினால் அரை மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும்.

சத்தம்

அணைக்கும் வசதியை முதல் நாளே வையுங்கள்.

சோதனை

கணினியில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் கையில் வைத்து ஆடிப் பாருங்கள். குலுக்கலில் எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதை ஒரு பிக்சல் தடிப்பாக்குங்கள்.