சிமுலேட்டரில் யாழ்ப்பாணம்: காட்சி அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டருக்காக யாழ்ப்பாணத்தை அமைக்கத் தொடங்குபவர்கள் அநேகமாக நல்லூர்க் கோபுரம், பொது நூலகம், கோட்டை என்று நாலைந்து கட்டடங்களில்தான் முதலில் கை வைக்கிறார்கள். மாதக்கணக்கில் அவற்றை இழைத்துவிட்டு, மிச்ச ஊரை மென்பொருளே நிரப்பட்டும் என்று விடுகிறார்கள். பெரிய தவறே இதுதான். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் இறங்கும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தின் ஜன்னலில் அதிக நேரம் தெரிபவை வளவுகளும் தோட்டங்களும் பனங்கூடல்களும்தான். அவை பிசகினால், கோபுரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊர் நம் ஊராகத் தெரியாது.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மரம் நடுவது என்பதை சிமுலேட்டர் பெரும்பாலும் தட்பவெப்பத்தை வைத்தே தீர்மானிக்கிறது. வெப்பமண்டலம் என்றதும் தென்னையும் அடர்காடும் வந்து நிற்கும். பனை அப்படியில்லை. கறுத்த, நேரான தண்டு, உருண்டைத் தலை, 30 மீற்றர் வரை உயரம். மாலை வெயிலில் நீளமாக விழும் அதன் நிழல் ஆயிரம் அடியிலிருந்தும் அடையாளம் தெரியும். ஒரே மாதிரியை எல்லா இடத்திலும் நடாமல் வடலி (இளம் பனை), நடுத்தரம், ஓங்கியது என்று மூன்று உயரங்களாவது செய்யுங்கள். சிலவற்றில் காவோலை தொங்கட்டும். பரப்புவதிலும் கவனம் வேண்டும். மணல் நிலத்தில் பனங்கூடலாக வரலாம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அள்ளி இறைக்கக் கூடாது, அங்கே எல்லையோரங்களில் நின்றால் போதும். வீட்டு வளவில் தென்னையும் மாவும் இருக்கத்தான் செய்யும், அவற்றை அடியோடு எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் வேலி. இதை ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கிடுகோ தகரமோ மதிலோ, ஏதோ ஒன்று வளவைச் சுற்றி ஓடும். இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை போகும். மேலிருந்து பார்த்தால் நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டுவதே இந்தக் கோடுகள்தான். எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் வைத்தால் கணினி திணறும். விமானம் தாழப் பறக்கும் ஓடுபாதை முனைகளில் மட்டும் அப்படி வைத்துவிட்டு, மற்ற இடங்களில் தரைப்படத்திலேயே கோடும் நிழலும் வரைந்துவிடலாம்.

யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல கட்டடங்களுக்கு வெளிக்கோடு மட்டும் இருக்கும், உயரம் இருக்காது. மென்பொருள் ஊகிக்கும்போது அகன்ற கோயில் மண்டபம் கிடங்காகிவிடும், ஓட்டு வீடு மொட்டைமாடி வீடாகிவிடும். பலாலியைச் சுற்றி இன்னொரு சிக்கல். 1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் கூரையில்லாமல் பற்றைக்குள் நிற்கும் வீடுகள் உண்டு. அவற்றுக்குப் புதுக்கூரை போட்டுவிடுவது வெறும் தொழில்நுட்பப் பிழையல்ல, அந்த ஊர் பட்டதை அழிப்பது.

தரை உயரத்துக்குப் பலரும் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவை எடுக்கிறார்கள். 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்தது அது. மர உச்சியும் கூரையும் அதில் கலந்திருப்பதால் நம் தட்டை நிலத்தில் இல்லாத மேடுகள் முளைக்கும். தோட்ட வெளிகளைச் சமப்படுத்துங்கள். கடல்நீரேரியைக் கடந்து போகும் பண்ணைப் பாலத்து வீதியையும் பாருங்கள். அது தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் கையால் உயர்த்தத்தான் வேண்டும். கடல்நீரேரிக்கு ஆழ்கடலின் கருநீலமும் அலையும் கொடுக்காதீர்கள். அடி தெரியும் அளவுக்கு ஆழமில்லாத தண்ணீர் அது.

எந்த ஆண்டின் யாழ்ப்பாணம் என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17இல். பழைய செய்மதிப் படத்தின் மேல் புது முனையத்தை வைத்தால் தண்டவாளம் எங்கே என்று ஊர்க்காரர் கேட்பார். மாதமும் முக்கியம்: மாரியில் பச்சையாக இருக்கும் வயல், ஆடியில் காய்ந்து கிடக்கும்.

வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றனவா, இரவில் ஒழுங்கைகளிலெல்லாம் தப்பாக நெடுஞ்சாலை விளக்கு எரிகிறதா என்பதை வெளியிடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.