பழைய கேரவனை வாங்குதல், சீரமைத்தல், விற்றல்

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிறுத்தி வைக்கப்படும் குளிரூட்டிய வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல், காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும், தனக்கென இயந்திரம் இல்லாத சக்கர வீட்டைக் குறிக்கிறது. 1919-இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட எக்கிள்ஸ் நிறுவனம் இத்தகைய வண்டிகளைக் கட்டி விற்பதை ஒரு தொழிலாக்கியது. 1950-களிலும் 60-களிலும் சாம் ஆல்பரின் ஸ்ப்ரைட் வண்டிகள் அவற்றை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. அந்த இருபது ஆண்டுகளில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் கேரவன் ஒன்றை வாங்கிச் சீரமைக்க எண்ணுபவர்களுக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

அந்தக் காலத்து வண்டியைப் பரிந்துரைக்கக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. எஃகு அடிச்சட்டத்தின் மேல் மரச்சட்டகம், அதற்கு வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஹார்ட்போர்டு அல்லது பிளைவுட் என்ற முறையில் அவை கட்டப்பட்டிருப்பதால், பொறுமையுள்ள ஒருவர் திருகு திருகாகக் கழற்றி மறுபடியும் பூட்ட முடியும். பின்னாளில் தகடு, நுரைப்பலகை, பிளைவுட் ஆகிய மூன்றையும் ஒன்றாக ஒட்டிச் சுவர் செய்யும் முறை வந்துவிட்டது; அத்தகைய சுவருக்குள் தண்ணீர் புகுந்து ஒட்டு விட்டுவிட்டால் வீட்டுப் பட்டறையில் அதைச் சரிசெய்வது மிகக் கடினம். முதன்முறை வாங்குபவருக்கு ஸ்ப்ரைட் போதும். அது ஏராளமாகத் தயாரிக்கப்பட்டது என்பதால் உதிரிப் பொருள்களும் அனுபவசாலிகளும் கிடைப்பார்கள். இங்கிலாந்தின் ஸ்லீஃபோர்டு ஊரில் கைவினையாகக் கட்டப்பட்ட கார்லைட் போன்ற உயர்ந்த வண்டிகளை இரண்டாவது முயற்சிக்கு ஒதுக்கி வைக்கலாம்.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை பல இருந்தாலும், விலையைத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஓதம், அதாவது சுவருக்குள் இறங்கிய ஈரம். தகடுகள் சந்திக்கும் மூலைகளில் அலுமினியப் பட்டை ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன் அடியிலுள்ள மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து வெடித்துவிட, மழைநீர் திருகுத் துளை வழியாக மரத்துக்குள் இறங்குகிறது. வெளியே வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மரம் புட்டுபோல் உதிரும் நிலைக்கு வந்திருக்கலாம். எனவே மரத்தில் உள்ள ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் ஈரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, சன்னல்களின் கீழ் மூலைகள், அலமாரிகளின் உட்புறம், கூரைத் துவாரத்தைச் சுற்றிய பகுதி, கதவின் அடிக்கட்டை ஆகிய இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். 15 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். 30-ஐத் தாண்டிய இடத்தில் மரம் பெரும்பாலும் கெட்டிருக்கும் என்றே கணக்கிட்டுக்கொள்ளலாம். கருவி இல்லாவிட்டால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலும், மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தாலும் பாதி உண்மை தெரிந்துவிடும். புதிதாக வண்ணம் பூசி, புதிய சுவர்த்தாள் ஒட்டி விற்பனைக்கு வரும் வண்டியைவிட, அழுக்கோடு நிற்கும் வண்டியே எனக்கு நம்பிக்கை தருகிறது.

காருக்கு இருப்பதுபோல் பிரிட்டனில் கேரவனுக்கு அரசுப் பதிவு கிடையாது. இழுத்துச் செல்லும் காரின் எண்ணையே அதன் பின்புறத்திலும் மாட்ட வேண்டும். உற்பத்தியாளர்களின் தனிப்பட்ட பதிவுமுறைகூட 1992-இல்தான் தொடங்கியது. ஆகவே அடிச்சட்ட எண் குறிப்பிடப்பட்ட, இருவரும் கையொப்பமிட்ட ரசீதுதான் உங்கள் உரிமைக்குச் சான்று. விற்பவரின் வீட்டு வாசலில் வைத்தே வண்டியை வாங்குவது நல்லது. சாலையோரத்தில் கைமாற்றலாம் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் மெத்தையையும் திரைச்சீலையையும் மாற்றத்தான் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொண்டு முதலில் படம் எடுங்கள்: ஒவ்வொரு மூலையையும், ஒவ்வொரு திருகின் இடத்தையும். அதன்பின் வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்தி, காற்றோட்டம் கொடுத்து, தேவைப்பட்டால் ஈரமுறிஞ்சும் கருவியை வைத்து, பல வாரங்கள் உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகு மூலைப்பட்டையைக் கழற்றித் தகட்டைத் தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டுமே திறக்க வேண்டும். எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் பிரித்தால் வண்டியின் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இராது. அழுகிய மரத்தை எறிந்துவிடாதீர்கள். அதன் வளைவைப் புதிய கட்டையின் மேல் வைத்து வரைந்துகொள்ள அதைவிட நல்ல அச்சு வேறில்லை.

மீண்டும் மூடும்போது பலர் சிலிகானைப் பிதுக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். சிலிகானின் மேல் வண்ணம் ஒட்டாது, வேறு மாஸ்டிக்கும் ஒட்டாது. அடுத்த முறை பிரிக்க நேர்ந்தால் அதன் எச்சத்தைச் சுரண்டியே நாள் போகும். இறுகிப்போகாத பியூட்டைல் மாஸ்டிக் நாடாவை வைத்துப் பட்டையைத் திருகி, ஓரங்களில் பிதுங்கி வருவதைச் சில நாள் கழித்து வெட்டிவிடுவதே சரியான முறை. துருப்பிடித்த பழைய திருகுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அக்கால வண்டிகளில் அடுப்புக்கும் கணப்புக்கும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருந்திருக்கலாம். ஐயம் இருந்தால் அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், உரியவர்களை அழைத்து அகற்றிவிடுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீரில் பயன்படுத்தும் உப்புத்தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும். எரிவாயுக் குழாய், ரெகுலேட்டர், அடுப்பு ஆகியவற்றைக் கேஸ் சேஃப் என்னும் பிரிட்டனின் எரிவாயுத் தொழிலாளர் பட்டியலில் பதிவு பெற்ற தொழிலாளி சோதிக்கட்டும். தரையோரத்தில் உள்ள சிறு காற்றுத் துளைகளைக் குளிருக்கு அஞ்சி அடைத்துவிடாதீர்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதை நம்பக் கூடாது. கேரவன் ஓடாமலே கிழடாகும். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தாலோ ஏழு ஆண்டு கடந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பிரேக் கட்டாயம். சுமையேற்றிய கேரவனின் எடை, இழுக்கும் காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பிரிட்டிஷ் கேரவன் சங்கங்களின் பழைய அறிவுரை. பிரிட்டனில் நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் மணிக்கு 50 மைல், நடுத்தடுப்பு உள்ள சாலைகளிலும் மோட்டார்வே நெடுஞ்சாலைகளிலும் 60 மைல் என்ற வரம்பு உண்டு.

உட்புறத்தைப் பொறுத்தவரை, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்பதே என் கருத்து. ஃபார்மைக்கா மேசையும், அசல் கைப்பிடிகளும், வாயு விளக்கின் கண்ணாடியும் ஒருமுறை போனால் திரும்பக் கிடைப்பது அரிது. மெத்தை நுரையை மட்டும் தீ எளிதில் பற்றாத வகையில் புதிதாக வாங்கிவிடலாம்.

விற்பதானால் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டிய வசந்தகாலம் ஏற்றது. குளிர்காலத்தில் நிறுத்தி வைக்க இடவாடகை கொடுக்க விரும்பாதவர்கள் இலையுதிர் காலத்தில்தான் விலையைக் குறைப்பார்கள், ஆகவே அது வாங்குபவரின் பருவம். தொடக்கத்தில் எடுத்த படங்கள் இப்போது பணமாக மாறும்: அழுகிய கட்டையையும் அதன் இடத்தில் பூட்டிய புதிய கட்டையையும் அடுத்தடுத்துக் காட்டும் கோப்பு, எத்தனை பூச்சுக்கும் மேலானது. செலவிட்ட உழைப்பு முழுவதும் விலையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் திரும்பாது. செய்யாமல் விட்ட வேலைகளையும் எழுதிக் கொடுங்கள். ஹிஸ்டாரிக் கேரவன் கிளப் போன்ற சங்கங்களின் உறுப்பினர்கள் எப்படியும் அவற்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் இரண்டை மறக்காமல் காட்ட வேண்டும். பின்னோக்கி நகர்த்தும்போது பிரேக் பிடிக்காமலிருக்க, காரோடு மாட்டும் இணைப்புத் தலையில் உள்ள சிறு நெம்புகோல் ஒன்று. இன்றைய ஓட்டுநர்கள் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். மற்றொன்று அந்தத் தலையின் அளவு: பழையவை, காரின் பின்னால் உள்ள இரண்டு அங்குல இணைப்புக் குண்டுக்காக, அதாவது 50.8 மில்லிமீட்டருக்காகச் செய்யப்பட்டவை, இன்றைய கார்களில் இருப்பதோ 50 மில்லிமீட்டர் குண்டு. அந்தச் சிறு வேறுபாட்டில் தலை தளர்ந்து கழன்றுவிடக்கூடும் என்பதால், வாங்குபவரின் காரில் மாட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் தலையை மாற்றிய பின்னரே வண்டியைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.